பதிவேடும் தூக்குக்கயிறும்

(பெட்டாலிங் ஜெயாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்திலிருந்து, சாலை காலியாக இருந்தால், இருபது நிமிடத்தில் சுபாங் ஜெயா. 2013 அக்டோபர் 23ஆம் தேதி மாலை அங்கே ஒரு வங்கிக்கிளையில் வேலை முடிகிற நேரம். பெட்டக அறையில் இருந்த பெண் அதிகாரியை அந்த வங்கிக்குக் காவல் நின்ற ஆளே சுட்டுக் கொன்றார். ஏறக்குறைய நான்கரை லட்சம் வெள்ளியை அள்ளிக்கொண்டு ஓடினார். எல்லைக்கு அப்பாலிருந்து கடத்தி வந்த துப்பாக்கியால் அவர் சுடவில்லை. காவல் வேலைக்காக அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த துப்பாக்கிதான் அது. போலியாக இருந்தது ஆள். அவர் காட்டிய அடையாள அட்டை போலி, அதில் இருந்த பெயரும் அவருடையதல்ல. இந்தோனேசியர் என்பது பிறகுதான் தெரிந்தது.

துப்பாக்கியைப் பதிவு செய்து உரிமம் கொடுக்கும் சட்டங்கள் குற்றத்தைக் குறைக்கின்றனவா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் உடனே அமெரிக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். அந்த விவாதம் நமக்குத் தொலைக்காட்சியில் ஓசியாகக் கிடைக்கிறது. நான் சுபாங் ஜெயாவிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய எனக்கு, இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் சிக்கிக்கிடப்பதாகத் தோன்றுகிறது. துப்பாக்கி யார் கையில் என்று பார்ப்பது உரிமம். எந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று எழுதிவைப்பது பதிவு. இரண்டையும் மீறியவனை என்ன செய்வது என்பது தண்டனை. நாம் இந்த நாட்டில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்து, மூட்டையின் மேல் தூக்குக்கயிற்றைச் சுற்றி, “அதனால்தான் இங்கே துப்பாக்கிக் குற்றம் குறைவு” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம்தான் உரிமச் சட்டம். மாநிலக் காவல்துறைத் தலைவர் உரிமம் தருகிறார். எதற்குத் துப்பாக்கி, எங்கே வைப்பீர்கள், நீங்கள் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறார்கள். வைத்திருப்பது ஒரு அனுமதி, வெளியே எடுத்துச் செல்வது இன்னொன்று. தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குப் பதினோரு ஆண்டு கழித்து வந்தது 1971ஆம் ஆண்டின் சுடுகருவிகள் (அதிகத் தண்டனை) சட்டம். கொள்ளை போன்ற குற்றம் செய்யும்போது கொல்லும் நோக்கிலோ காயப்படுத்தும் நோக்கிலோ சுட்டாலே, யாருக்கும் காயம் படாவிட்டாலும், 2023 வரை கட்டாய மரணம். உரிமமில்லாமல் இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் கையில் இருந்தால் அவன் துப்பாக்கி வியாபாரி என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். 2024 மார்ச்சில் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் ஒரு ஹோட்டலில் ஆறு துப்பாக்கிகளோடு பிடிபட்ட இஸ்ரேலியர் மீது கடத்தல் குற்றம் சுமத்தப்பட்டது இந்தச் சட்டத்தின்படிதான்.

ஆனால் கயிறு 1971இல் வந்ததல்ல. அது பழையது. அதில் முதலில் தொங்கியவர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன்.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. அவசரகால விதிகளின்படி உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சுட வேண்டியதில்லை, மிரட்ட வேண்டியதில்லை. வைத்திருந்தால் போதும். எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். நேதாஜியின் படையில் பயிற்சியாளராக இருந்தவர். 1949இல் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டப் பக்கம் ஒரு ரிவால்வரோடு பிடிபட்டார். வழியில் கிடந்ததை எடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பு சொன்னது. மார்ச்சில் விசாரணை. மே 4ஆம் தேதி பூடு சிறையில் தூக்கு. நேருவின் அரசு தலையிட்டும் பயனில்லை. தூக்குக்கு முதல்நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். என் அப்பா தலைமுறையில் தோட்டத்து லயங்களில் இந்த இரண்டு பெயர்களையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

கணபதி ஏந்திய துப்பாக்கி எதற்காக என்று இன்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவர் கம்யூனிஸ்ட், அது போர்க்காலம். நான் பார்ப்பது சட்டத்தின் உருவத்தை. உரிமம் என்ற சாதாரண நிர்வாகக் காகிதம் இல்லை என்பதற்கு உயிரையே விலையாக வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வழக்கில் ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது: துப்பாக்கி இவனிடம் இருந்ததா, இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பிடித்தவர்களே.

இன்னொரு தமிழர், சாம்பசிவம். சட்டம் படித்த பிள்ளைகள் இங்கே இருந்தால் தலையாட்டுவார்கள். பெயர் அவர்களுக்கு மனப்பாடம், ஆள் யாரென்று பலருக்குத் தெரியாது. 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட இளைஞர். துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டாக்கள் வைத்திருந்தார் என்று இரண்டு குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் தோட்டா வழக்கிலிருந்து விடுதலையானார். துப்பாக்கி விஷயத்திலும் நீதிபதிக்கு உதவ அமர்ந்த அசெசர்கள் குற்றமில்லை என்றார்கள், நீதிபதி ஒப்பவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாவது விசாரணையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். துப்பாக்கியும் தோட்டாவும் தன்னிடம் இருந்தன என்று ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம். தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதை மட்டும் புதிய அசெசர்களிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மரண தண்டனை விதித்தார்கள். 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்துசெய்தது. ஒருமுறை கிடைத்த விடுதலை, பிறகு அதே அரசோடும் ஆளோடும் நடக்கும் எந்த வழக்கிலும் உண்மையாகவே கொள்ளப்பட வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை இன்றும் காமன்வெல்த் நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. ஜொகூர்க் காட்டுப்பாதையில் பிடிபட்ட ஒரு தமிழனின் கழுத்திலிருந்து கழன்ற கயிறு உலகச் சட்டத்துக்கு ஒரு நெறியாகிப் போனது.

அவசரகாலம் 1960இல் முடிந்தது. கயிறு முடியவில்லை. அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவுக்குள் அது குடிபுகுந்தது. 1970களில் பினாங்கில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்காக இந்தப் பிரிவின்கீழ் மரண தண்டனை பெற்றான். உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகே உயிர் தப்பினான்.

சரி, இவ்வளவு கடுமை காட்டினோமே, பலன் என்ன?

கொள்ளைக்காரன் போத்தாக் சின் கதையை உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தபோதே, 57ஆம் பிரிவும் உயிரோடு இருந்தபோதே, 1975இலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் கோலாலம்பூரைக் கலக்கியவன். ஆயுதம் தாய்லாந்துப் பக்கமிருந்து வந்தது. 1976 பிப்ரவரியில் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மரஆலையில் சுட்டுப் பிடித்தார்கள். 1981 ஜூனில் பூடுவில் தூக்கு. அப்புறம் நம்ம குண்டன் பெந்தோங் காளி. நம்ம என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த நாளில் பிரிக்ஃபீல்ட்ஸ் டீக்கடைகளில் அவனைப் பற்றிப் பேசிய குரலில் பயம் பாதி, பெருமை பாதி இருந்ததை நான் கேட்டிருக்கிறேன். 1993 ஜூன் 29இல் மேடான் டாமான்சாராவில் போலீஸ் அவனைச் சுட்டு வீழ்த்தியது. தூக்குமேடை இருப்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிடிபட்டால் சாவு என்று தெரிந்தவன் பிடிபடாமலிருக்க இன்னும் நாலு பேரைச் சுடுவான். கட்டாய மரணத்தின் கணக்கு அவனுக்கு அப்படித்தான் வேலை செய்தது.

2013க்கு வருவோம். ஏப்ரலில் புத்ராஜெயாவில் சுங்கத்துறைத் துணைத் தலைமை இயக்குநர் சுடப்பட்டு இறந்தார். ஜூலை 27இல் பகாவில் மைவாட்ச் என்ற குற்றக் கண்காணிப்பு அமைப்பின் தலைவர் ஸ்ரீ சஞ்சீவன் சுடப்பட்டு உயிர் பிழைத்தார். இரண்டு நாள் கழித்து கோலாலம்பூரில் வங்கியாளர் ஹுசைன் நஜாடி கொல்லப்பட்டார். விசாரணையின்றி அடைத்துவைக்க உதவிய அவசரச் சட்டத்தை எடுத்ததால்தான், உள்ளே இருந்த குண்டர்களை வெளியே விட்டதால்தான் இந்த நிலை என்று அன்று சொன்னார்கள். அதில் உண்மை எவ்வளவு என்று வாதாடலாம். ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது. சுட்டால் மரணம். கூலிக்குச் சுட்டவர்கள் சுட்டார்கள். பிறகு 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரணம் போய், மரணமா, முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்று நீதிபதி முடிவு செய்யும் நிலை வந்திருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை. விழும் என்று சொன்னவர்கள் பிரிக்ஃபீல்ட்சில் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் அதைச் சாட்சியாக்குவார்கள். அந்தச் சத்தம் 1993இலும் கேட்டது, 2013இலும் கேட்டது.

அப்படியானால் துப்பாக்கிச் சட்டமே வீண் என்று சொல்கிறேனா? அப்படி எடுத்துக்கொண்டால் என் பேச்சை நீங்கள் தலைகீழாகக் கேட்டிருக்கிறீர்கள். கயிற்றுக்கு நாம் கொடுக்கும் புகழ், ஓசையில்லாமல் வேலை செய்யும் உரிமப் புத்தகத்துக்குச் சேர வேண்டியது என்பதுதான் என் கட்சி.

என் வழக்குக் கட்டுகளைப் புரட்டினால் குண்டர்களின் ஆயுதம் பெரும்பாலும் பாராங் கத்தி. இரண்டு கும்பல் செந்தூல் பக்கமோ கிள்ளான் பக்கமோ மோதிக்கொண்டால் பாராங்கோடு மோதுகிறார்கள். கை போகிறது, நரம்பு அறுபடுகிறது, மருத்துவமனையில் கிடக்கிறார்கள், பலர் எழுந்தும் வருகிறார்கள். கல்யாண வீட்டுச் சண்டையில், குடித்துவிட்டுப் பேசும் பேச்சில், கோபம் தலைக்கேறுகிற அந்தக் கால் மணி நேரத்தில், அலமாரியைத் திறந்தால் துப்பாக்கி இல்லை. கூலிக்கொலைகாரன் எப்படியும் தேடிக்கொள்வான். கோபக்காரனுக்கு அது எட்டுவதில்லை. எல்லா ஊரிலும் கூலிக்கொலைகாரனைவிடக் கோபக்காரர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விட்டால் நண்பர்கள் கேள்வி நேரத்தில் விடமாட்டார்கள். கனெடிகட் மாநிலம் 1995இல் கைத்துப்பாக்கி வாங்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும், பின்னணிச் சோதனை வேண்டும், பயிற்சி வேண்டும் என்றது. முதல் பத்தாண்டில் துப்பாக்கிக் கொலைகள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிடச் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். மிசூரி 2007இல் அதே மாதிரிச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது, அங்கே துப்பாக்கிக் கொலை ஏறியதாக அதே குழுவினர் கண்டார்கள். “இருந்திருக்கக்கூடிய அளவு” என்பது ஒரு கணிப்பு. அதை எப்படிக் கணித்தார்கள் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. கனடாவின் அனுபவம் வேறு. அங்கே 1995இன் சட்டம் நீள்துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பதியச் சொன்னது. நிகரச் செலவு இரண்டு மில்லியன் டாலர்தான் என்றார்கள். அது நூறு கோடி டாலரை எட்டப் போகிறது என்று 2002இல் அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் போட்டு உடைத்தார். 2012இல் அந்தப் பதிவேட்டை ஒழித்தார்கள். ஆளுக்கான உரிமத்தை விட்டுவைத்தார்கள். நியூசிலாந்து இதற்கு நேர்மாறு. 1983 முதல் ஆளுக்கு உரிமம் கொடுத்தார்கள், சாதாரண நீள்துப்பாக்கியை எண்ணவில்லை. 2019 மார்ச் 15இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் உரிமம் வைத்திருந்தவன். பதிவேடு அங்கே 2023இல்தான் தொடங்கியது.

இந்த உதாரணங்களிலிருந்து எனக்குக் கிடைப்பது இது. துப்பாக்கியை எண்ணுவதைவிட ஆளை அறிவது முக்கியம். ஆனால் எண்ணாமல் விட்டால் ஆளை அறிந்ததும் பாதி வேலைதான்.

எல்லை என்று ஒன்று இருப்பதையும் மறக்கக்கூடாது. இங்கே தாய்லாந்து எல்லையில் சுங்கை கோலோக் என்றால், நம் மூதாதையர் ஊரில் புதுச்சேரி. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர் கையில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டது. ஐரோப்பியருக்கு விலக்கு. அந்தச் சட்டம் முழு பலத்தோடு இருந்த 1911 ஜூன் 17இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் பிரிட்டிஷ் கலெக்டரைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் பிரௌனிங் பிஸ்டல் இருந்தது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட பட்டணம் பக்கத்திலேயே இருக்கும்போது பிரிட்டிஷ்காரன் உரிமப் புத்தகம் மட்டும் என்ன செய்யும்? வாஞ்சியையும் போத்தாக் சின்னையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறாயா என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆட்கள் வேறு, நோக்கம் வேறு. இரும்பு வந்த வழி மட்டும் ஒன்று.

இப்போது ஒரு சின்ன சம்பவம். பல ஆண்டுகளுக்கு முன் காப்பாரிலிருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்குக் கொஞ்சம் செம்பனை நிலம். பன்றித் தொல்லைக்காக உரிமத்தோடு ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தவர். அவர் இறந்து ஏழு மாதம். நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றும் வேலையாக வந்தவர், கிளம்பும்போது சும்மா சொல்வதுபோல், “லாயர் தம்பி, அவரு துப்பாக்கி பீரோ மேலயே கெடக்குது, அத யாரு பேருக்கு எழுதறது?” என்றார்.

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. உரிமம் ஆளோடு செத்துப்போகும். அந்த ஏழு மாதமும் அந்த அம்மா சட்டத்தின் கண்ணில் உரிமமில்லாமல் சுடுகருவி வைத்திருந்தவர். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெறுமனே வைத்திருப்பதற்கே பதினான்கு ஆண்டுவரை சிறை உண்டு. வீட்டிலிருந்து அதை அவர் கையால் எடுத்துவந்தால் இன்னொரு சிக்கல். நானே காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லி, ஒரு சார்ஜெண்டைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சார்ஜெண்ட் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். “புதுப்பிக்க யாரும் வரவில்லையே, நீங்கள் தேடிப்போகவில்லையா?” என்று கேட்டேன். புத்தகத்தில் பெயர் இருக்கிறது, வரும்போது பார்த்துக்கொள்வோம் என்றார்.

அந்தப் புத்தகத்தைத்தான் இத்தனை நேரம் நான் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். அதை யாராவது திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். ஏழு மாதத்தில் ஒரு திருடன் அந்த வீட்டுக்குள் புகுந்திருந்தால், காப்பாரில் ஒரு கள்ளத் துப்பாக்கி பிறந்திருக்கும். கடத்தி வருவதை விட்டுவிட்டால், கள்ளத் துப்பாக்கி பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான்: உரிமமுள்ள ஓர் அலமாரியிலிருந்து நழுவி.

அலமாரிகளில் பெரியது அரசாங்கத்தின் அலமாரி. 2000 ஜூலையில் அல்-மவுனா கும்பல் ராணுவ அதிகாரிகள் போல உடை மாட்டிக்கொண்டு பேராக்கில் ராணுவ முகாமுக்குள் போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டு என்று தெரிந்துதான் சொல்கிறேன், உடையைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சவுக் பக்கத்து மலையில் அவர்கள் கொன்ற இருவரில் ஒருவர் சிறப்புப் பிரிவு போலீஸ்காரர் சகாதேவன். அந்தப் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பெந்தோங் காளியை எல்லாருக்கும் தெரியும்.

பிறகு 2013 அக்டோபரில், சுபாங் ஜெயாவில் அந்தப் பெண் கொல்லப்பட்ட அதே மாதத்தில், தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வெளிவந்தது. 2010 முதல் 2012 வரை அரச மலேசியப் போலீஸ் படை 44 துப்பாக்கிகளைத் தொலைத்திருந்தது. கூடவே 156 கைவிலங்கு, 29 வாகனம். மொத்த மதிப்பு 13 லட்சம் வெள்ளிக்கு மேல். துப்பாக்கிகள் எங்கே என்று கேட்டபோது, சில கடலில் விழுந்திருக்கலாம் என்று அப்போதைய தேசியப் போலீஸ் படைத் தலைவர் பதில் சொன்னார். நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது அந்த அறிக்கையின்மீது மரியாதை வந்தது. 44 என்ற எண் நம் கைக்கு வந்ததே யாரோ ஒரு கணக்காய்வாளர் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். காணாமல் போனது 44 என்று ஒரு நாடு சொல்ல முடிகிறதென்றால் அங்கே பதிவு ஏதோ ஒரு அளவில் வேலை செய்கிறது.

அந்த அறிக்கை ஒருமுறை வந்தது, செய்தியானது, மறந்துபோனது. என் வேண்டுகோள் சின்னது. ஒவ்வொரு ஆண்டும் அதே கணக்கை, போலீசுக்கு மட்டுமல்லாமல் ராணுவத்துக்கும் ரேலா தொண்டர் படைக்கும் பாதுகாவல் நிறுவனங்களுக்கும் சேர்த்து, நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். இத்தனை உரிமம் கொடுத்தோம், இத்தனை பறித்தோம், உரிமக்காரர் இறந்து இத்தனை துப்பாக்கி திரும்பி வந்தது, இத்தனை வரவில்லை. பாதுகாவலர் ஒருவர் கையில் துப்பாக்கி கொடுக்கும் முன் அவருடைய விரல்ரேகை தேசியப் பதிவு இலாகாவின் விரல்ரேகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் நம் கட்டைவிரலைக் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள். அந்த வங்கியின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் ஜாகாவுக்கு, 2013இல், அட்டையைப் பார்த்தது போதுமாக இருந்திருக்கிறது.

காப்பார் அம்மாவுக்கு, நாங்கள் போய்வந்து இரண்டு ஆண்டு கழித்து, ஓர் அரசாங்கக் கடிதம் வந்தது. எனக்கு எடுத்துவந்து காட்டினார். இறந்துபோன கணவரின் பெயருக்கு, உரிமத்தைப் புதுப்பிக்கும்படி.